நாய்க்கு வயிறு கெட்டுப்போச்சா? மாத்திரைக்கு முன்னாடி வெளிய வந்தத பாருங்க

எங்க வீட்ல ரெண்டு உருப்படி. செவலன்னு ஒரு நாட்டு நாய், வாய்க்கா மதகுகிட்ட குட்டியா கெடந்தத தூக்கிட்டு வந்தோம், இப்ப ஏழு வயசு. இன்னொன்னு ரோசி, லேப்ரடார், சென்னைல இருக்குற மச்சான் ஃப்ளாட்ல வச்சுக்க முடியலன்னு கொண்டாந்து விட்டுட்டு போயிட்டாரு. செவல வயக்காடெல்லாம் சுத்தி கண்டதையும் தின்னுட்டு வரும், ரோசி வாசப்படிய தாண்டாது ஆனா போறவங்க வர்றவங்க எல்லாரும் பிஸ்கட் போடுவாங்க, ஆக ரெண்டுக்கும் வயிறு கெடறதுக்கு தனித்தனி வழி இருக்கு. பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமத்துல இந்த ரெண்ட வச்சுகிட்டு நான் பட்ட பாட்டுலேர்ந்து சொல்றேன், எடுத்த எடுப்புல என்ன மாத்திரை குடுக்கலாம்னு கேக்காதீங்க. என்ன உள்ள போச்சு, என்ன வெளிய வந்துச்சு, எத்தன மணிக்கு, எத்தன தடவ, இத பாத்து வச்சுகிட்டீங்கன்னா காலைல வரைக்கும் பொறுக்கலாமா இல்ல இப்பவே வண்டிய எடுக்கணுமான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். அருவருப்பா இருந்தாலும் ஒரு குச்சி எடுத்து கிளறி பாத்துதான் ஆகணும்.

எந்த கோளாறா இருந்தாலும் மொதல்ல இந்த ரெண்டு நிமிஷம்

மேல் உதட்ட தூக்கி ஈற பாருங்க. நல்லா இருக்குற நாய்க்கு ரோஸ் கலர்ல ஈரமா இருக்கும், விரலால அமுக்கி எடுத்தா வெள்ளையாகி ரெண்டு செகண்டுக்குள்ள பழைய கலர் திரும்பணும். லேட்டானாலோ, வெளிறிப்போய் இருந்தாலோ, தொட்டா பிசுபிசுன்னு ஒட்டினாலோ உடம்புல தண்ணி கொறஞ்சிருக்கு இல்லன்னா ரத்தம் கொறஞ்சிருக்கு. செவலைக்கு ஈறே கருப்பு, நாட்டு நாய்ல நெறய அப்படித்தான், அதுக்கு கீழ் இமைய லேசா இழுத்து உள்பக்கம் பாக்கணும். அடுத்து தோள்பட்டை மேல தோல கிள்ளி தூக்கி விடுங்க, டக்குன்னு படியாம கூடாரம் மாதிரி நின்னா தண்ணி வத்திப்போச்சுன்னு வச்சுக்கலாம். காய்ச்சல் பாக்க நம்ம டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும், நுனில தேங்காண்ணெய் தடவி பின்பக்கம் வைக்கணும் (அதுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கி வச்சுடுங்க, எங்க வீட்ல ஒருதடவ மாறிப்போய் பெரிய சண்டை). நாய்க்கு 101-லேர்ந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் நார்மல், நம்ம கணக்கு அதுக்கு ஆகாது, தொட்டு பாத்து சுடுதுன்னு பயப்படாதீங்க.

வயிறு பானை மாதிரி உப்பி, வாந்தி எடுக்க ஓங்கரிச்சு ஓங்கரிச்சு ஒண்ணுமே வரலன்னா, கீழ மிச்சம் எதையும் படிக்காம கெளம்புங்க. இரைப்பை முறுக்கிகிட்டா அப்படித்தான் ஆகும், ராஜபாளையம் மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய்க்கு சான்ஸ் அதிகம், சில மணி நேரத்துல உயிர் போயிடும், வீட்ல செய்ய ஒண்ணுமே இல்ல. அதே மாதிரி ஆறு மாசத்துக்குள்ள இருக்குற குட்டி வாந்தியும் பேதியுமா போனா, மலம் தார் மாதிரி கருப்பா போனா, விஷம் தின்னிருக்கும்னு சந்தேகம் வந்தா, வெயிட் பண்ணி பாக்குற வேலையே வேணாம்.

காலைல மஞ்சளா நுரைநுரையா வாந்தி

இது தான் நெறய பேர் பயந்துபோய் கேக்குறது. சாயங்காலம் ஆறு மணிக்கு சோறு வச்சுட்டு மறுநாள் ஒம்போது மணி வரைக்கும் ஒண்ணும் போடாம இருந்தா வெறும் வயித்துல பித்தம் ஏறி மஞ்சளா கக்கும், கக்கிட்டு வால ஆட்டிட்டு சோத்துக்கு நிக்கும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி சோறோ ட்ரை ஃபுட்டோ போட்டு பாருங்க, ரோசிக்கு இத ஆரம்பிச்ச மூணாவது நாளே நின்னுடுச்சு. நிக்கலன்னா, இல்ல சாப்பாட்டையும் ஒதுக்குதுன்னா அது வேற கதை, டாக்டர பாக்கணும்.

தின்ன உடனே தின்னது அப்படியே உருளையா வெளிய வந்தா அது வாந்தி கணக்குல சேராது, வயித்துக்கே போகாம உணவுக்குழாய்லேர்ந்து திரும்புது. அவசரமா முழுங்குற நாய்க்கு இது சகஜம், கிண்ணத்துல போடாம பெரிய தாம்பாளத்துல பரப்பி போட்டீங்கன்னா ஒவ்வொண்ணா பொறுக்கி திங்கும். அப்படியும் தெனம் வந்தா எக்ஸ்ரே எடுக்க சொல்வாங்க.

புல்லு தின்னு கக்குறத பத்தி பெருசா கவலைப்பட ஒண்ணும் இல்ல, செவல தெனமும் வரப்புல அருகம்புல்ல மாடு மாதிரி மேயும். மருந்தடிச்ச வரப்பா இல்லாம இருந்தா சரி. ஆனா குடிச்ச தண்ணி கூட தங்காம மூணு நாலு தடவைக்கு மேல கக்கினா அன்னிக்கே காட்டணும்.

தண்ணியா போகுது, ஆனா ஆள் சுறுசுறுப்பா இருக்கு

பெரிய நாய், ஈறு நல்லா இருக்கு, ரத்தம் இல்லன்னா ஒரு நாள் வீட்லயே பாக்கலாம். பச்சரிசியோ நொய்யோ நல்லா குழைய வேக வச்சு, தோலும் எலும்பும் எடுத்த கோழிக்கறிய வெறும் தண்ணில அவிச்சு பிச்சுப்போட்டு, ரெண்டு பங்கு சோறு ஒரு பங்கு கறின்னு பிசைஞ்சு, ஒரு நாளைக்கு நாலு வேளையா கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. உப்பு வேணாம், மஞ்சத்தூள் வேணாம், ரசம் சுத்தமா வேணாம். பரங்கிக்காய தோல் சீவி அவிச்சு ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன் கலந்தா மலம் இறுகும், நார்ச்சத்து தண்ணிய இழுத்துக்கும். அதே பரங்கிக்காய் மலச்சிக்கலுக்கும் கேக்கும், அதான் எங்க கொல்லைல ஒரு கொடி எப்பவும் ஓடிகிட்டே இருக்கு.

பால் மட்டும் நிறுத்திடுங்க. எங்க அத்தைக்கு இது புரியவே புரியாது, நாய்க்கு ஒடம்பு சரியில்லன்னா ஒரு டம்ளர் பால காச்சி வச்சுடுவாங்க. வளந்த நாய் நெறயத்துக்கு பால்ல இருக்குற சர்க்கரைய செரிக்கிற சக்தி கொறஞ்சு போயிருக்கும், அது இன்னும் பேதிய கெளப்பி விடும். தயிர்ல அந்த சர்க்கரை கொஞ்சம் கம்மி, பழகின நாய்க்கு ஒரு ஸ்பூன் ஓகே. மெடிக்கல்ல வாங்கின, பேதிய நிறுத்துற மாத்திரைய நீங்களா போடாதீங்க, கிருமியால வர்ற பேதிய அடைச்சு வச்சா அது உள்ளயே தங்கி இன்னும் கெடுக்கும். பாராசிட்டமால், வலி மாத்திரை எல்லாம் அதவிட மோசம், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ரெண்டும் நாய்க்கு இரைப்பைல புண்ணாக்கி கிட்னிய காலி பண்ணிடும்.

சளி மாதிரி வழவழன்னு கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி முக்கிகிட்டு போனா பெருங்குடல்ல கோளாறு. நெறய தண்ணியா ஒரேயடியா போனா சிறுகுடல். டாக்டர்கிட்ட இத சரியா சொன்னீங்கன்னா அவருக்கு பாதி வேலை மிச்சம்.

ரத்தம் கலந்து போகுது

குட்டின்னா மொதல்ல பார்வோங்கற வைரஸ் நெனப்பு வரணும். ஒன்றரை மாசத்துலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் ரொம்ப ஆபத்து, ஒரு நாள் மந்தமா படுத்திருக்கும், அடுத்த நாள் வாந்தி, அதுக்கடுத்து ரத்தமா பேதி. அந்த நாத்தம் ஒருதடவ மூக்குல ஏறினா மறக்காது. 1978-ல தான் உலகத்துல இந்த வைரஸே பெருசா கெளம்புச்சு, நேரா வைரஸ கொல்ற மருந்து இன்னும் நம்மூர் டாக்டர் கைல கெடையாது, ட்ரிப் ஏத்தி வாந்திய நிறுத்தி குட்டி தானா மீள்ற வரைக்கும் தாங்கிப் பிடிக்கணும், அதனால எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவு நல்லது. தஞ்சாவூர் சுத்துவட்டாரத்துல இருக்குறவங்களுக்கு ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

இதுல நெறய பேர் கோட்ட விடுறது வீட்ட கழுவுறதுல. எங்க தெருவுல ஒருத்தரு குட்டி செத்துப்போன அடுத்த மாசமே அதே திண்ணைல அடுத்த குட்டிய கொண்டாந்து கட்டினாரு, பத்தே நாள், அதுவும் போயிடுச்சு. ஃபினாயில் ஊத்தி கழுவிட்டேனேன்னாரு, பார்வோ அதுக்கெல்லாம் சாகாது, மண்ணுல மாசக்கணக்கா உக்காந்திருக்கும். மொதல்ல அழுக்க சுத்தமா கழுவி, அப்புறம் ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணி கலந்து ஊத்தி பத்து நிமிஷம் ஊறவிடணும். மண் தரையா இருந்தா அதுவும் முழுசா கேக்காது, தடுப்பூசி முடியாத குட்டிய அந்த எடத்துக்கே விடாதீங்க. ஊசிய ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா 16 வாரம் வரைக்கும் போடணும், ஒரு ஊசியோட முடிஞ்சதுன்னு விட்டவங்க தான் அதிகம்.

பெரிய நாய் கருப்பா தார் மாதிரி போனா இரைப்பைலயோ சிறுகுடல்லயோ ரத்தம் கசிஞ்சு செரிச்சு வருதுன்னு அர்த்தம். கொக்கிப்புழுவா இருக்கலாம், உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சலா இருக்கலாம், வலி மாத்திரை போட்டதால வந்த புண்ணா இருக்கலாம். காது மடிப்புலயும் கால் விரலுக்கு நடுவுலயும் உண்ணி இருக்கான்னு பாருங்க, மூக்குல ரத்தம் வந்துச்சுன்னா அதையும் சேத்து சொல்லுங்க.

எலி மருந்து

இத கொஞ்சம் நிதானமா சொல்லணும். போன சம்பால, கதிர் வர்ற நேரம், விடிகாலை அஞ்சரை இருக்கும், செவல வயக்காட்டுலேர்ந்து வந்து செம்பருத்தி செடிகிட்ட நின்னு கக்குது. நான் டார்ச் அடிச்சு பாக்குறேன், அரிசியும் கருவாட்டு துண்டும், அதுமேல சாம்பல் பூசின மாதிரி கருகருன்னு ஒரு பொடி. குனிஞ்சப்ப பூண்டு நாத்தம். வீட்ல பூண்டும் போடல கருவாடும் வாங்கல. பக்கத்து வயல்ல யாரோ மருந்து வச்சிருக்காங்க, யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல, தெரிஞ்சாலும் அவரு எலிக்கு வச்சத என் நாய் தின்னா நான் என்ன கேக்க முடியும்.

அதுக்குள்ள அத்தை சொம்போட வந்துட்டாங்க, "டேய் தம்பி, புளிய கரைச்சு ஊத்துடா, எல்லாம் வெளிய வந்துடும்." நல்லவேள ஊத்தல. அந்த சாம்பல் பொடி ஜிங்க் பாஸ்பைடு, வயித்துல இருக்குற அமிலம் பட்டா பாஸ்பீன்னு விஷ வாயு கெளம்பும், அதுதான் ஆள கொல்லுது. சோறு, பால், முட்டை எது போனாலும் வயிறு அமிலம் சுரக்கும், அதனால ஒண்ணுமே குடுக்கக்கூடாது. கக்க வைக்கன்னு ஊத்துற உப்புக்கரைசல் இன்னொரு ஆபத்து, உப்பே நாய்க்கு விஷமாகிடும். ஜன்னல எல்லாம் எறக்கி விட்டு ஆம்னில போட்டுகிட்டு போனோம், ஏன்னா நாய் கக்குற காத்து மூடின வண்டிக்குள்ள இருக்குற நமக்கும் ஆகாது, டாக்டரே ட்ரீட்மெண்ட வெளி வராண்டால வச்சுதான் பண்ணாரு. இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கெடையாது. தானா சீக்கிரமா கக்கினதால பொழச்சுதுன்னாரு. ரெண்டு நாள் ட்ரிப், மூணாம் நாள் எழுந்து என் செருப்ப கடிச்சப்ப தான் எனக்கு சோறு எறங்குச்சு.

கலர் கட்டியா, கேக் மாதிரி விக்கிற எலி மருந்து வேற வகை, ப்ரோமாடியோலோன் மாதிரி. இதுல ஏமாறுவீங்க. தின்ன அன்னிக்கு நாய் ஜம்முன்னு இருக்கும், ரெண்டுலேர்ந்து அஞ்சு நாள் கழிச்சு தான் ரத்தம் உறையாம போய் ஈறுல, மலத்துல, மூக்குல கசியும். இதுக்கு மருந்து இருக்கு, வைட்டமின் கே1, ஆனா வாரக்கணக்கா குடுக்கணும், நாலு நாள்ல சரியாயிடுச்சுன்னு நிறுத்தினா திரும்ப கசியும். கடிச்ச பாக்கெட்டு துண்டு கெடச்சா அத கைல எடுத்துகிட்டு போங்க, எந்த மருந்துன்னு தெரிஞ்சாதான் எந்த வைத்தியம்னு முடிவு பண்ண முடியும். வாயில எச்சி ஒழுகி, கண்ணுல தண்ணி வழிஞ்சு, கை கால் வெட்டி இழுத்தா பூச்சிமருந்தா இருக்கலாம், அதுக்கும் நிக்காம ஓடணும்.

எங்க வயலுக்கு இப்ப கிட்டி வைக்கிறவர தான் கூப்புடுறோம். மூங்கில் வளைச்சு வைக்கிற நம்ம தஞ்சாவூர் கிட்டி தான். கூலி குடுக்கணும், ஆனா எலி மட்டும் தான் சாகும்.

மழைக்காலத்துல வாயில நுரை

ஐப்பசி கார்த்திகைல வாசல்ல தேரை குதிச்சா ரோசிக்கு வெளையாட்டு. கவ்வின உடனே நுரை தள்ளும், தலைய ஒதறும், சில நேரம் கக்கும். ஈரத்துணியால ஈறு, நாக்கு எல்லாம் தொடச்சு விடுங்க, ட்யூப்ல தண்ணி விட்டா வாய் பக்கவாட்டுல வெளிய ஓடுற மாதிரி விடணும், தொண்டைக்குள்ள அடிக்கக்கூடாது. தள்ளாடினா, வலிப்பு வந்தா டாக்டர்.

தண்ணி தேங்கின வயல்ல எலி மூத்திரத்துலேர்ந்து வர்ற லெப்டோவும் (எலிக்காய்ச்சல்) நம்ம பக்கத்துல நெனச்சுக்க வேண்டியது. காய்ச்சல், வாந்தி, ஈறும் கண்ணும் மஞ்சள். இது மனுஷனுக்கும் தொத்தும், அதனால மூத்திரத்த வெறுங்கையால தொடாதீங்க, வருஷத்துக்கு ஒருதடவ ஊசி போடுங்க.

நல்லா திங்குது, ஒடம்புல ஒட்டல

புழு. வால் அடில, படுத்த சாக்குல காஞ்ச அரிசி மாதிரி ஒட்டிகிட்டு இருந்தா அது நாடாப்புழுவோட துண்டு, அது தெள்ளுப்பூச்சி மூலமா வர்றது, புழு மாத்திரை மட்டும் போட்டுட்டு தெள்ள விட்டுட்டா அடுத்த மாசம் திரும்ப வரும். நூடுல்ஸ் மாதிரி நீளமா வந்தா உருளைப்புழு. கொக்கிப்புழு மலத்துல கண்ணுக்கு சுலபமா தெரியாது, ஈரமான மண்ணுல தோல் வழியாவே ஏறும், நம்ம பக்கத்து மண்ணு அதுக்கு சொர்க்கம். குட்டிக்கு புழு மருந்து ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மூணு மாசம் வரைக்கும், அப்புறம் மாசம் ஒருக்கா ஆறு மாசம் வரைக்கும், பெரிய நாய்க்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா. அளவு எடைய பொறுத்தது, நாய தூக்கிகிட்டு தராசுல ஏறி நின்னு உங்க எடைய கழிச்சுக்கோங்க. வேப்பிலை அரைச்சு உருண்டை புடிச்சு போட்டா போதும்னு சொல்றவங்கள நான் நம்பறதில்ல, போட்டு பாத்துட்டுதான் சொல்றேன்.

விருந்துக்கு மறுநாள்

கெடா வெட்டு, தீபாவளி, கல்யாண பந்தி முடிஞ்ச மறுநாள், கறிக்கொழுப்பும் எண்ணெயும் தின்ன நாய் முன்னங்கால நீட்டி நெஞ்ச தரைல வச்சு பின்பக்கத்த மட்டும் தூக்கிகிட்டு நிக்குதா, வயித்த தொட்டா முனகுதா? கணையம் வீங்கியிருக்கலாம், இது சாதாரண வயித்துவலி கெடையாது, அன்னிக்கே போகணும்.

வெங்காயம், பூண்டு ரத்த அணுவ ஒடைக்கும், அன்னிக்கு தெரியாது, சில நாள் கழிச்சு மூத்திரம் செவப்பா பழுப்பா போய் ஈறு வெளிறும். ஒரு சாம்பார் சோத்துல ஒண்ணும் ஆகலன்னு சொல்வீங்க, தெனமும் போட்டா சேந்து சேந்து வரும். சக்கரைப் பொங்கல்ல கெடக்குற காஞ்ச திராட்சை கிட்னிய அடிக்கும், எவ்வளவு தின்னா அடிக்கும்னு கணக்கே சொல்ல முடியாது, ஒரு நாய் தாங்கும் இன்னொன்னு தாங்காது. திராட்சைல இருக்குற டார்டாரிக் அமிலம் தான் காரணமா இருக்கும்னு 2021-லேர்ந்து கால்நடை விஷ வைத்தியத்துல பேசுறாங்க, அதே அமிலம் புளில ஏகப்பட்டது இருக்கு. புளிசோறு மிச்சத்த நாய்க்கு வைக்கிற ஊர் நம்ம ஊரு, யோசிச்சுக்கோங்க.

ரெண்டு நாளா போகல, முக்குது

மொதல்ல எலும்பு போட்டீங்களான்னு யோசிங்க. மலம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா காஞ்சு உதிர்ந்தா எலும்பு தான். வேக வச்ச எலும்பு குச்சி குச்சியா ஒடைஞ்சு குடல குத்தும், கோழி எலும்பு ரொம்ப மோசம், அதனால "எலும்பு இல்லாம நாயா"ன்னு யாராவது கேட்டா சிரிச்சுட்டு குப்பைல போடுங்க. விளக்கெண்ணெய்ய வாய தொறந்து ஊத்துறத நிறுத்துங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போனா நிமோனியா. தண்ணி, பரங்கிக்காய், நல்ல நடை. முக்கிகிட்டே இருக்கு, கூடவே வாந்தியும் எடுத்தா அடைப்பு, லேட் பண்ணாதீங்க.

தெனம் என்ன போடறது

நாள் பூரா வெறும் சோத்த போட்டா வயிறு ரொம்பும், சதை வைக்காது. செவலைக்கு நான் ரெண்டு வேளை போடுறேன், சோறு, அவிச்ச முட்டை இல்ல முள்ளு எடுத்த மத்தி, கூட கேரட்டோ பரங்கியோ, வாரத்துல ஒருநாள் கொஞ்சம் ஈரல். வெறும் கறியும் சோறும் மட்டும் போட்டு வளக்குற குட்டிக்கு கால்சியம் பத்தாம கால் வளையும், டாக்டர கேட்டு அளவா சேக்கணும். ரோசிக்கு ட்ரை ஃபுட், பிராண்ட் மாத்துறப்ப ஒரே நாள்ல மாத்தாம பழசுல கால் பங்கு புதுசுன்னு ஆரம்பிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல மாத்துங்க, பாதி பேரோட "திடீர் பேதி" இதுல தான் வருது. தண்ணி, கிலோவுக்கு 50, 60 மில்லி ஒரு நாளைக்கு, சித்திரை வெயில்ல இன்னும் கூட. பிஸ்கட், மிச்சர் எல்லாம் சேத்து மொத்த சாப்பாட்டுல பத்துல ஒரு பங்க தாண்டக்கூடாது, இத ரோசிக்கு அமல்படுத்த வாசல்ல போர்டு தான் வைக்கணும் போல.

டாக்டர்கிட்ட போறப்ப

புது மலத்துல கொஞ்சம் காலி மாத்திரை டப்பால எடுத்து, ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டு போங்க. வாந்தி எடுக்குறத போன்ல வீடியோ எடுங்க, டேபிள் மேல ஏத்தின உடனே எல்லா நாயும் நல்ல புள்ளையாயிடும். கடைசியா என்ன தின்னுச்சு, ஊசி எப்ப, புழு மாத்திரை எப்ப, நீங்களா எதாவது மாத்திரை போட்டீங்களா, இத ஒரு துண்டு சீட்டுல எழுதிக்கோங்க, கடைசி கேள்விக்கு மட்டும் பொய் சொல்லாதீங்க. வண்டி கெடைக்கலன்னா 1962-ன்னு கால்நடைக்கு இலவச நம்பர் இருக்கு, அடிச்சு கேளுங்க. வாய கட்ட ஒரு துணி எடுத்துகிட்டு போங்க, ஆனா கக்கிகிட்டு இருக்குற நாய்க்கு மட்டும் வாய கட்டாதீங்க.